அம்மாவின் ஐ-94 ஜூலை 14-ல் முடிகிறது: நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பதா, அழைத்து வருவதா?

ஏரிக்கரை மகள் (அல்சூர், பெங்களூரு) | 2025 மே 20, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு 63 வயது. தங்கையின் பிரசவத்துக்காக ஜனவரி 15 அன்று நியூ ஜெர்சி போய் இறங்கினார். குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். தங்கைக்கு அறுவைச் சிகிச்சை. மூன்று வாரம் பிள்ளை மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருந்தான். அந்த நாட்களில் அம்மா அங்கே இல்லாதிருந்தால் தங்கை என்ன ஆகியிருப்பாள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இப்போது அவன் தேறிவிட்டான். ஜூனில் தங்கை வேலைக்குத் திரும்ப வேண்டும். அக்டோபர் வரை அம்மா இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறாள்.

அம்மாவின் பாஸ்போர்ட்டில் உள்ள பி-2 (சுற்றுலா, உறவினர் வருகைக்கான) விசா 2033 வரை செல்லும். "பத்து வருட விசாவைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு இன்னொரு விண்ணப்பம்?" என்று அப்பா கேட்கிறார். தங்கையின் கணவரோ, எந்தத் தேதி வரை தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 பதிவில் ஜூலை 14 என்று போட்டிருக்கிறது, அதற்குள் நீட்டிப்புக்கான ஐ-539 படிவம் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார்.

இங்கே பெங்களூரில் விசா ஆலோசனை தரும் ஒரு நிறுவனத்துக்குப் போனேன். 25,000 ரூபாய் கேட்டார்கள். பணத்தைவிட அவர்கள் சொன்ன வழிதான் என்னை உறுத்துகிறது. "பேரனைப் பார்த்துக்கொள்ள என்று எழுதினால் நிராகரிப்பார்கள். முதுகுத்தண்டில் கோளாறு, விமானத்தில் உட்கார முடியாது என்று மருத்துவச் சான்றிதழ் வைப்போம். சான்றிதழை நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்றார்கள். என் அம்மாவுக்கு முதுகில் ஒரு கோளாறும் இல்லை.

அப்பா இங்கே அல்சூர் வீட்டில் தனியாக இருக்கிறார். சர்க்கரை நோய் உண்டு. நான் ஹொரமாவிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருகிறேன். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

---

மல்லேஸ்வரம் ஓய்வூதியர் | மே 21, காலை 6.15

மகளே, முதலில் அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏழு வருடங்களுக்கு முன் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, அந்த நாட்டின் வாசலுக்குப் போய் நிற்பதற்கான அனுமதி. 2033 வரை அம்மா எத்தனை முறை வேண்டுமானாலும் போய் நிற்கலாம். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி முடிவு செய்கிறார். பி-2-க்கு வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள். அந்தத் தேதிதான் ஐ-94. இப்போது அது காகிதமாகக் கையில் தரப்படுவதில்லை. அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்தால் வரும். இன்றே எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயரில், பிறந்த தேதியில் பிழை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2018-ல் நானும் என் மனைவியும் டாலஸில் மகன் வீட்டில் இருந்தபோது நீட்டிப்புக்கு விண்ணப்பித்தோம். அப்போது கட்டணம் 370 டாலர். இருவருக்கும் சேர்த்து ஒரே கட்டணம். மனைவியின் பெயரும் அதே விண்ணப்பத்தில் போனது. கேட்ட மூன்று மாதமும் கழிந்து, நாங்கள் ஊர் திரும்பி, மல்லேஸ்வரம் எட்டாவது குறுக்குத் தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது மகன் தொலைபேசியில் அழைத்து "அனுமதி வந்துவிட்டது" என்றான். அந்த மூன்று மாதமும் என் மனைவி ஒழுங்காக உறங்கவில்லை. அஞ்சல் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவாள். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

ஒயிட்ஃபீல்டுவாசி | மே 21, காலை 9.02

அக்கா, இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. ஐ-94 முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால் முடிவு வரும் வரை அங்கேயே இருக்கலாம். அதைச் சட்டவிரோதத் தங்கலாகக் கணக்கிட மாட்டார்கள். என் அண்ணன் எச்-1பி என்ற வேலை விசாவில் அங்கே இருந்தார், சென்ற ஆண்டு வேலை போனது. 60 நாள் அவகாசம் உண்டல்லவா, அது முடிவதற்குள் பி-2-வுக்கு மாற்றக் கோரி அதே ஐ-539 கொடுத்தார். விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோதே புதிய வேலை கிடைத்துவிட்டது. அவர்கள் முடிவு சொல்ல மாதக்கணக்கில் ஆகிறது. அந்தத் தாமதமே நமக்குக் கிடைக்கும் நீட்டிப்பு.

---

கோப்புக்காரி (ஜெயநகர்) | மே 21, மதியம் 1.30

அமெரிக்கக் குடிவரவுக் கோப்புகளைத் தயாரிக்கும் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தேன். நான் வழக்கறிஞர் அல்ல. வழக்கறிஞர்களுக்காகக் காகிதங்களை அடுக்கிக் கொடுத்தவள். அதனால் எந்தக் காகிதம் எங்கே உதைக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒயிட்ஃபீல்டு தம்பி சொன்னதில் பாதி சரி. காலக்கெடுவுக்குள் கொடுத்த, காரணத்தில் பொருளுள்ள விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் வரை சட்டவிரோதத் தங்கல் நாட்கள் கூடுவதில்லை. மீதிப் பாதிதான் ஆபத்து. ஐ-94 தேதி கடந்தபின் அம்மா அங்கே நிற்பது நிலுவையில் இருக்கும் ஒரு காகிதத்தின் தயவில். நிராகரிப்புக் கடிதம் வந்தால், மறுநாளிலிருந்து கணக்கு ஓடத் தொடங்கும். 180 நாளைத் தாண்டி வெளியேறினால் மூன்று ஆண்டு தடை. ஓர் ஆண்டானால் பத்து ஆண்டு தடை. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தவை இவை. அவ்வளவு நாள் உங்கள் அம்மா இருக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஆண்டு பிப்ரவரி 28 தேதியிட்ட கொள்கைக் குறிப்பு ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, தங்கும் உரிமையும் முடிந்திருந்தால், குடிவரவு நீதிமன்றத்தில் முன்னிலையாகச் சொல்லும் அழைப்பாணை அனுப்பலாம் என்கிறது அது. 63 வயதுப் பெண்மணியை அந்த இடத்துக்கு அருகில்கூடக் கொண்டுபோகக் கூடாது. தாமதத்தை நம்பிக் குடும்பத்தின் திட்டத்தைப் போடாதீர்கள், தம்பி. தாமதம் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

இப்போது அந்தச் சான்றிதழ் விஷயம். படித்ததும் கை நடுங்கியது, உண்மையாகவே சொல்கிறேன். பொருளுள்ள ஒரு விவரத்தைப் பொய்யாகச் சொல்லிக் குடிவரவுப் பயன் பெற முயன்றால், அதற்கான தடைக்கு மூன்று ஆண்டு, பத்து ஆண்டு என்ற எல்லையே கிடையாது. அடுத்த முறை சென்னை அண்ணா சாலையில் உள்ள துணைத் தூதரகத்தில் அம்மா நிற்கும்போது, "உங்கள் முதுகு எப்படி இருக்கிறது?" என்று ஒரு கேள்வி வந்தால் அவர் என்ன சொல்வார்? அந்த நிறுவனத்திடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். ஐ-539-ல் படிவத்தைத் தயாரித்தவர் தம் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்திட ஒரு பகுதி உண்டு. அங்கே கையெழுத்திடுவார்களா என்று கேளுங்கள். பதில் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

ஐ-94 முடிய 45 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்கச் சொல்கிறது யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடிவரவுச் சேவைத் துறை). உங்கள் கணக்கில் அது மே 30. விண்ணப்பம் அமெரிக்க மண்ணில் இருந்துகொண்டு அம்மா கொடுப்பது. இங்கிருந்து நீங்கள் கொடுக்க முடியாது. இணையத்தில் 420 டாலர், காகிதத்தில் 470. 2024 ஏப்ரல் 1 முதல் இந்தக் கட்டணம். முன்பு கைரேகைப் பதிவுக்கென்று தனியாக 85 டாலர் வாங்கினார்கள், 2023 அக்டோபர் 1 முதல் அது இல்லை. இணையத்தில் கொடுத்தால் ஐஓஇ என்று தொடங்கும் ரசீது எண் கிடைக்கும். அந்த எண்ணை எல்லோரும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

உடன் வைக்க வேண்டியது ஒரு கடிதம். ஏன் இன்னும் இருக்க வேண்டும், எந்தத் தேதியில் கிளம்புவார், அதுவரை செலவு யாருடையது, ஊரில் அவருக்கு என்ன இருக்கிறது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். வீட்டுப் பத்திரம், அப்பாவின் ஓய்வூதிய ஆவணம், தங்கையின் வருமானச் சான்று, திரும்பும் டிக்கெட் ஆகியவை அதற்குத் துணை. திரும்பும் டிக்கெட்டின் தேதியும் கடிதத்தில் கேட்கும் தேதியும் ஒத்துப்போகட்டும். ஒத்துப்போகாத கோப்புகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

பேரனைப் பற்றி எழுதலாமா? எழுதலாம், உண்மையாக எழுத வேண்டும். அறுவைச் சிகிச்சையான மகளுக்குப் பத்தியம் வைத்துக் கொடுப்பதும், குறைமாதத்தில் பிறந்த பேரனோடு இருப்பதும் குடும்ப வருகைதான். ஆனால் மகள் வேலைக்குப் போகும் நேரத்தில் காப்பகத்துக்குப் பதிலாக அம்மா என்றால் அதிகாரி புருவத்தை உயர்த்துவார். அந்தச் சிக்கல் நிஜமானது, மறைக்க மாட்டேன். அதற்குப் பொய்ச் சான்றிதழ் மருந்தல்ல. எவ்வளவு காலம் உண்மையிலேயே தேவை என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தேவை சிறியதானால் சிறியதாகவே கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் பதிவில் அப்பா சொன்னது இருக்கிறது, தங்கை சொன்னது இருக்கிறது, தங்கை கணவர் சொன்னது இருக்கிறது. அம்மா சொன்னது எங்கே?

---

சிவாஜிநகர் தையல்கடை | மே 21, இரவு 8.50

கோப்புக்காரி அம்மா சொல்வதை நான் அனுபவித்திருக்கிறேன். 2022-ல் மகளிடம் போயிருந்தேன். ஒரு முகவர்தான் எல்லாம் எழுதிக் கொடுத்தார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். எனக்கு இங்கே கடையும் வீடும் இருக்கின்றன. அவரோ "ஊரில் பொறுப்பு எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டிருந்தார். அப்படி எழுதினால் நிம்மதியாகத் தங்க விடுவார்கள் என்று நினைத்தாராம்! ஊரில் பொறுப்பில்லாதவர் திரும்பிப் போவார் என்று யார் நம்புவார்கள்? கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தது. அது முகவரின் மின்னஞ்சலுக்கே போய், கெடு கடந்தபின்தான் எங்களுக்குத் தெரிந்தது. நிராகரித்துவிட்டார்கள். நான்காம் நாளே கிளம்பி வந்துவிட்டேன். மகள் விமான நிலையத்தில் அழுத அழுகை இன்னும் கண்ணில் நிற்கிறது.

மின்னஞ்சல், முகவரி, தொலைபேசி எல்லாம் உங்கள் குடும்பத்தினுடையதாக இருக்கட்டும், தாயே.

---

ஒயிட்ஃபீல்டுவாசி | மே 21, இரவு 9.35

கோப்புக்காரி அக்கா, பிப்ரவரிக் குறிப்பு எனக்குத் தெரியாது. அண்ணனுக்கு நடந்ததை வைத்துப் பொதுவாகச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கையில் வேறு வழி இல்லை, இவர்களுக்கு இருக்கிறது என்பதும் இப்போது உறைக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். நேர்மையாக விண்ணப்பித்து, பணமும் கட்டிய ஒருவருக்குக் கேட்ட காலம் முடியும் வரைகூடப் பதில் தராமல் இருப்பது நியாயமா? அவர்கள் தளத்தில் போடும் காலக்கணக்கு, 80 சதவீத விண்ணப்பங்களை எத்தனை மாதத்தில் முடித்தோம் என்பது. மீதி 20 சதவீதத்தில் நாம் இருந்தால்?

---

கோப்புக்காரி | மே 22, காலை 7.10

நியாயம் இல்லை, தம்பி. அதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆறு மாதத்துக்கு மேல் ஒரே தடவையில் நீட்டிப்பு கேட்க முடியாத ஒரு வகைக்கு, முடிவு சொல்லப் பல மாதம் எடுத்துக்கொண்டால் அந்த முடிவுக்கு என்ன பயன்? மாணவர் தகுதிக்கு மாற்றுபவர்களுக்கு 2023 ஜூனிலிருந்து விரைவுச் சேவை இருக்கிறது. தனிக் கட்டணம் கட்டினால் 30 வேலை நாட்களில் நடவடிக்கை. பி-2 நீட்டிப்புக்கு அந்தக் கதவு திறக்கப்படவே இல்லை. பாட்டிகளுக்கு அவசரம் இருக்காது என்று நினைத்தார்கள் போலும்.

எச்-4 (எச்-1பி-யில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரிய விசா) குடும்பங்களின் கதை இதைவிடக் கொடுமை. கணவரின் எச்-1பி மனுவும் மனைவியின் எச்-4 மனுவும் ஒன்றாகக் கொடுக்கப்பட்டாலும் தனித்தனியே போய்விடும். அவருக்கு 15 நாளில் முடிவு, இவருக்குப் பல மாதம். அதற்குள் வேலை அனுமதி காலாவதியாகி வேலையை விட்ட பெண்களின் கோப்புகளைக் கையாண்டிருக்கிறேன். அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் ஒரு சமரசம் வந்தது. சேர்ந்து வருபவற்றைச் சேர்த்தே பரிசீலிப்பதாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இரண்டு ஆண்டுக்குத்தான். இந்த ஜனவரியோடு அதுவும் முடிந்துவிட்டது. கேட்டவர்களுக்குத்தான் ஏதோ கிடைத்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். தாமதமானால் தங்கை தன் தொகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். விசாரித்துச் சொல்வார்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

---

கே.ஆர்.புரம் தந்தை | மே 22, காலை 11.20

இழைக்கு நடுவில் என் கேள்வியை நுழைப்பதற்கு மன்னிக்கவும். என் மகள் பி-2-ல் அத்தை வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஊருக்கு வராமலேயே எஃப்-1-க்கு, அதாவது மாணவர் தகுதிக்கு, மாறலாம் என்கிறார்கள். வகுப்பு ஆகஸ்டில். விண்ணப்பம் போட்டுவிட்டு வகுப்பில் சேரலாமா?

---

கோப்புக்காரி | மே 22, மதியம் 12.05

சேரக் கூடாது. பி-2-ல் இருப்பவர் மாணவர் தகுதி கைக்கு வருவதற்கு முன் படிப்பில் சேர்ந்தால் அதுவே தகுதி மீறல், விண்ணப்பமும் அதோடு போகும். விரைவுச் சேவையைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அங்கே மாறுவது தகுதிதான், விசா அல்ல. அடுத்த ஆண்டு அண்ணன் திருமணம் என்று மகள் பெங்களூரு வந்தால், திரும்பிப் போகப் பாஸ்போர்ட்டில் எஃப்-1 விசா வேண்டும். அதற்குச் சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ நேர்காணலுக்குப் போக வேண்டும். நம் ஊரில் ஜனவரி 17 அன்று துணைத் தூதரகம் திறந்தார்களே என்று கேட்பீர்கள். திறந்தார்கள், விசா சேவையோடு திறக்கவில்லை. நேரம் இருக்கிறது என்றால் இங்கே வந்து எஃப்-1 விசா வாங்கிக்கொண்டு போவதே நேர் வழி என்பது என் எண்ணம். போன இடத்தில் சில வாரங்களிலேயே மாணவராக மாற விண்ணப்பித்தால், வரும்போதே இந்த எண்ணம் இருந்ததா என்று கேட்பார்கள்.

---

ஓசூர் ரோடு | மே 22, மாலை 6.40

கோப்புக்காரி அவர்கள் எச்-4 பற்றிச் சொன்னதால் ஒரு வார்த்தை. என் அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான், நான்கு வயதில் போனவன். வரும் நவம்பரில் 21 முடிகிறது. அன்றோடு எச்-4 போய்விடும். கிரீன் கார்டு வரிசையில் அவன் அப்பா நிற்பதோ பத்து வருடத்துக்கு மேல். தமிழும் அரைகுறை, பெங்களூரும் விடுமுறைக்கு வந்த ஊர். அவன் இப்போது தான் வளர்ந்த ஊரிலேயே அயல்நாட்டு மாணவனாக இருக்க அதே ஐ-539-ல் எஃப்-1 கேட்கிறான். அக்கா தொலைபேசியில் வேறு எதுவுமே பேசுவதில்லை. எச்-4 குடும்பங்கள் பிள்ளைகளின் பாஸ்போர்ட் தேதியையும் பாருங்கள். பாஸ்போர்ட் முடியும் நாளோடு ஐ-94-ஐயும் முடித்துக் கொடுத்துவிடுவதுண்டு. பெற்றோர் தங்கள் தேதியையே பிள்ளைக்கும் என்று நினைத்துக் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

---

சாந்திநகர் நண்பன் | மே 22, இரவு 9.15

நம் நாட்டிலும் இதே வரிசை உண்டு என்பதைச் சொல்ல வந்தேன். எங்கள் கல்லூரியில் இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்த தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் விசா நீட்டிப்பு சாந்திநகர் பஸ் நிலையக் கட்டடத்தில் இருக்கும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் பொறுப்பு. 2018-லிருந்து எல்லாம் இணையம் வழியாக. விடுதிச் சான்று ஒரு வடிவில் இல்லையென்றால் திருப்பி அனுப்பப்படும், மறுபடி ஏற்ற வேண்டும். யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவனோடு மூன்று இரவு உட்கார்ந்து அதைச் செய்தேன். மாணவர்களுக்காவது நீட்டிப்பு என்று ஒன்று உண்டு, சுற்றுலா மின்விசாவில் வருபவர்களுக்கு அதுவும் இல்லை. காத்திருப்பவன் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

---

ஏரிக்கரை மகள் | மே 25, இரவு 11.10

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கோப்புக்காரி அக்காவின் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. உண்மைதான், அம்மாவிடம் யாருமே கேட்கவில்லை.

அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, தயாரித்தவர் பகுதியில் கையெழுத்திடுவீர்களா என்று கேட்டேன். "அது வழக்கமில்லை" என்றார்கள். அத்தோடு விட்டுவிட்டேன்.

நேற்று தங்கையும் அவள் கணவரும் அம்மாவும் உட்கார்ந்து படிவத்தை நிரப்பத் தொடங்கினார்கள், நானும் வீடியோவில் இருந்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. விண்ணப்பதாரருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் மொழிபெயர்த்துச் சொன்னவர் கையெழுத்திட ஒரு பகுதி இருக்கிறது. அதனால் தங்கை ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லிச் சொல்லிப் பதில் வாங்கினாள். "எந்தத் தேதி வரை தங்க விரும்புகிறீர்கள்?" என்ற இடம் வந்தது. தங்கை அக்டோபர் 31 என்று எழுதப் போனாள். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கேள்வி என்னைத்தானே கேட்கிறது? பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்து சோறு ஊட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன். அதற்குமேல் உங்கள் அப்பா தாங்க மாட்டார். நானும் தாங்க மாட்டேன்" என்றார்.

தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கும் தொண்டை அடைத்தது. நாங்கள் இருவரும் மாறி மாறி அம்மாவின் நாட்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகஸ்டு கடைசியில் முடிகிறது. செப்டம்பர் 10 என்று எழுதியிருக்கிறோம். செப்டம்பர் 8-க்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. கடிதத்தில் நடந்ததை அப்படியே எழுதினோம். குழந்தை குறைமாதத்தில் பிறந்தது, மருத்துவமனை ஆவணம், ஆறாம் மாதச் சோறூட்டல், அல்சூரில் கணவர், வீடு. ஜூன் நடுவிலிருந்து பகலில் பிள்ளையைப் பார்க்கக் காப்பகத்தில் தங்கை இடம் பிடித்துவிட்டாள். இன்று விண்ணப்பம் போய்விட்டது. ரசீது எண் என்னிடமும் அப்பாவிடமும் இருக்கிறது.

---

மல்லேஸ்வரம் ஓய்வூதியர் | மே 26, காலை 6.05

நல்ல காரியம், மகளே. அம்மாவின் மருந்துகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கென்று கொண்டுபோனது ஜூலையில் தீரும். பயணக் காப்பீட்டின் தேதியையும் பாருங்கள். என் மனைவிக்கு இரண்டும் ஒரே வாரத்தில் தீர்ந்தன. ரத்த அழுத்த மாத்திரைக்கு அங்கே மருத்துவரைப் பார்க்க ஆன செலவில் இங்கே ஒரு வருடத்து மருந்து வாங்கியிருக்கலாம்.

---

ஏரிக்கரை மகள் | ஜூலை 15, காலை 7.30

நேற்றோடு ஐ-94 தேதி கடந்துவிட்டது. விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஜூனில் கைரேகைப் பதிவுக்கு அழைத்தார்கள், போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வேறு கடிதம் இல்லை. அம்மா வெளியே போகும்போதெல்லாம் ரசீது அச்சுப்பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொள்கிறார். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் வைத்துக்கொள்கிறார். சரியாகத்தானே இருக்கிறோம்?

---

கோப்புக்காரி | ஜூலை 15, காலை 8.45

சரியாகத்தான் இருக்கிறீர்கள். செப்டம்பர் 10-ஐ மட்டும் தாண்டாதீர்கள். கேட்ட தேதிக்குமேல் ஒரு நாள் இருக்க வேண்டுமென்றாலும் அதற்கு முன் இன்னொரு விண்ணப்பம் வேண்டும். இடையில் நிராகரிப்பு வந்தால் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு அந்த வாரமே கிளம்பிவிடுங்கள். கிளம்பும்போது ரசீது, விண்ணப்பத்தின் நகல், டிக்கெட், போர்டிங் பாஸ் நான்கையும் வீசிவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். காலத்தில் விண்ணப்பித்து, நிலுவையில் இருக்கும்போதே, கேட்ட தேதிக்குள் வெளியேறினார் என்று அடுத்த முறை காட்ட அவைதான் சாட்சி.

---

ஏரிக்கரை மகள் | செப்டம்பர் 14, மாலை 5.20

அம்மா வந்துவிட்டார். 8-ஆம் தேதி அங்கே ஏறி, 10-ஆம் தேதி அதிகாலை கெம்பேகவுடா விமான நிலையத்தில் இறங்கினார். கடைசி நாள் வரை முடிவு வரவில்லை. விண்ணப்பதாரர் நாடு திரும்பிவிட்டார், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று அம்மா கையெழுத்திட்ட கடிதத்தைத் தங்கை அனுப்பிவிட்டாள். நான்கு காகிதங்களும் ஒரு பச்சை உறையில், வீட்டுப் பத்திரம் இருக்கும் அலமாரியில் இருக்கின்றன. அப்பாவே வைத்தார். உறையின் மேல் "ஐ-94: ஜூலை 14. கேட்டது: செப்டம்பர் 10. கிளம்பியது: செப்டம்பர் 8" என்று பேனாவால் எழுதியிருக்கிறார். பத்து வருட விசா என்று இப்போது அவர் பேசுவதில்லை.

அம்மா அடுத்த நாள் காலையே சோமேஸ்வரர் கோவிலுக்குப் போய்விட்டு வந்தார். பேரனின் காணொலியை ஒரு நாளைக்குப் பத்து முறை பார்க்கிறார். நேற்று தங்கை, "அடுத்த வருடம் எப்போது வருகிறாய்?" என்று கேட்டாள். "இந்த முறை அவனைத் தூக்கிக்கொண்டு நீ வா. முதல் பிறந்தநாளை அல்சூரில் கொண்டாடுவோம்" என்றார்.

அதனால் இப்போது புதுக் கவலை. பிள்ளை அங்கே பிறந்தவன், அமெரிக்கக் கடவுச்சீட்டுக்காரன். அவனுக்கு நம் நாட்டு விசா வேண்டும். தங்கை பிப்ரவரியில் வந்து நான்கு மாதம் இருக்கப் பார்க்கிறாள். மின்விசாவை நீட்டிக்க முடியாது என்று சாந்திநகர் நண்பர் சொன்னது நினைவிருக்கிறது. ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டினருக்கு இந்தியா தரும்) அட்டைக்கு இப்போதே விண்ணப்பித்தால் பிப்ரவரிக்குள் வருமா? தனி இழை தொடங்குகிறேன், அங்கேயும் வாருங்கள்.